கூட்டித் தர வேண்டாம் என்ற பட்டாளக்காரர்

பட்டாளத்து ஓய்வூதியமெல்லாம் வங்கிக் கிளைகளை விட்டு எங்கோ இருக்கும் ஒரே கணினிக்குப் போய்விட்டது. எங்கள் பழைய கிளையில் நான் இருந்த பென்ஷன் மேஜையைத் தூக்கிவிட்டு, பணம் போடும் இயந்திரம் ஒன்றை வைத்திருக்கிறார்களாம். இப்போது அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் போன வாரம் கூப்பிட்டு, "மேடம், அந்த சீட்டில் இத்தனை வருஷம் இருந்தீங்களே, கிளை ஆண்டு மலருக்கு ஏதாவது சுவையா எழுதித் தாங்க" என்றார்கள். சுவையாக எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. அந்த மேஜைக்கு முன்னால் நான் அதிகம் கண்டது பயம்தான். பணம் வாங்க வருகிறவர்கள் பயந்துகொண்டு வருவார்கள் என்று வேலைக்குச் சேரும்போது எனக்கு யாரும் சொல்லவில்லை.

நான் பாறசாலைக்காரி. கேரள எல்லைக்கு இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் வாழைத்தோட்டமும் வைத்திருந்த தமிழ்க் குடும்பம். பள்ளியில் மலையாளம், வீட்டிலும் தேவாலயத்திலும் தமிழ் வேதாகமம். தேர்வு எழுதித் திருவனந்தபுரத்தில் எழுத்தராகச் சேர்ந்தேன். முதலில் பல வருடங்கள் ரொக்கம் எண்ணியும் கையெழுத்து ஒப்பிட்டும் கழிந்தன. என்னைப் பென்ஷன் மேஜைக்கு அனுப்பியதற்கு என் திறமை காரணமில்லை. பாறசாலை, நெய்யாற்றின்கரை, பொன்முடித் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயங்கள் என்று பல இடங்களிலிருந்து தமிழ் பேசும் முன்னாள் பட்டாளக்காரர்கள் எங்கள் கிளைக்கு வந்தார்கள். எனக்குத் தமிழ் தெரியுமே என்று, "கிரேஸ் மேடத்துக்குத் தமிழ் அறியாமே" என ஒருவர் மலையாளத்தில் சொல்ல, மற்ற எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். அந்த நாற்காலியில் உட்கார யாருக்கும் ஆசை இல்லை.

இந்த விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பட்டாளத்தில் சிப்பாயாகச் சேர்ந்தவன் பெரும்பாலும் நாற்பது வயதுக்கு முன்பே வெளியே வந்துவிடுகிறான். அவன் ஆசைப்பட்டு வருவதில்லை; பட்டாளத்துக்கு இளவட்டங்கள் வேண்டும் என்பதால் அனுப்பிவிடுகிறார்கள். மிச்ச வாழ்நாளுக்கு ஓய்வூதியம். அது அவன் வெளியே வந்த காலத்துச் சம்பளத்தை வைத்து நிர்ணயிக்கப்படும். விலைவாசி ஏற ஏற அகவிலைப்படி கூடும். ஆனால் பின்னால் ஓய்வு பெறுகிறவனின் சம்பளம் பெரிதாக இருப்பதால் அவனுடைய ஓய்வூதியமும் பெரிதாக இருக்கும். அதே பதவி, அதே சேவைக்காலம், அதே பனி, முதுகில் அதே மூட்டை. ஆனாலும் முன்னால் பிறந்துவிட்ட குற்றத்துக்கு ஒருவனுக்குக் குறைவு. நெடுங்காலம் கேட்டுக் கேட்டு, கடைசியில் ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம் என்ற ஆணை வந்தது. சில வருடங்களுக்கு ஒரு முறை பழையவர்களைப் புதியவர்களோடு சமமாக்க வேண்டும். நியாயமான ஏற்பாடு. எங்கள் வங்கி ஓய்வூதியத்துக்கு அப்படி ஒரு ஏற்பாடு கிடையாது. நான் வெளியே வந்த நாளில் என்ன அடிப்படையோ, சாகும்வரை அதுதான். ஆகவே பட்டாளக்காரர்கள்மீது எனக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு.

ஆனால் கூட்டித் தருவதற்கு முதலில் கோப்பைத் திறக்க வேண்டும். திறந்தால் உள்ளே என்ன இருக்குமோ என்று அவர்களுக்குப் பயம். நவம்பர் மாதம் உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்க வரும்போதே அந்தப் பயத்தைப் பார்க்கலாம். ஒரு பெரியவர் என் கண்ணெதிரே நின்றுகொண்டே, தாம் சாகவில்லை என்பதற்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரைச் சாட்சியாகக் கூட்டி வந்திருந்தார். எல்லையில் துப்பாக்கி பிடித்தவர்கள், என் ரப்பர் முத்திரையைப் பார்த்து எச்சில் விழுங்குவார்கள். தொடக்கத்தில் சிரிப்பாக இருந்தது. ஹவில்தார் சுகுமாரன் கதைக்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

சுகுமாரன் நெய்யாற்றின்கரைக்காரர். முதல் தடவை சமன் செய்தபோது கணினி அவரைத் தவறான பிரிவில் போட்டுவிட்டது. அதிகமாக வந்தது. அவருக்கு அது தெரியாது. கூட்டியிருக்கிறார்கள் என்று நினைத்து மகளுக்காக வீட்டுக்கு மேல்தளம் போட்டார். சில வருடங்கள் கழித்துத் தணிக்கையில் கண்டுபிடித்துப் பிடித்தம் தொடங்கினார்கள். மாதா மாதம் பாஸ்புக்கில் பதிந்து வாங்கி, ஜன்னலோரம் போய் நின்று அதையே பார்த்துக்கொண்டிருப்பார். "நான் கேட்டேனா மேடம்? கேக்காம தந்தாங்க. இப்போ என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எடுக்கியாங்க" என்றார் ஒருநாள். அலுவலகத்தின் பிழைக்காகக் கீழ்நிலையில் இருந்தவர்களிடம் அப்படிப் பிடிக்கக் கூடாது என்று நீதிமன்றங்கள் சொல்லியிருப்பதை நான் அவருக்குச் சொன்னேன். வக்கீலிடம் போகவே அவருக்குப் பயம். வீட்டில் பாதியை விற்றார். பாங்கோட்டில் பட்டாளத்துக் கேன்டீனில் சாமான் வாங்க வரிசையில் நிற்பவர்கள் மத்தியில் இந்தக் கதை தீப்போலப் பரவியது. அதன்பிறகு கூட்டித் தருகிறோம் வாருங்கள் என்று நான் தொலைபேசியில் கூப்பிட்டால், மறுமுனையில் சந்தோஷப்படுகிறவர்களைவிட போனை வைத்துவிடுகிறவர்களே அதிகம்.

எங்கள் முதன்மை மேலாளர் முரளிதரன் சாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. அவர் பேசுவதைக் கேட்க நாம்தான் குனிய வேண்டும். எந்தக் காகிதத்தைக் கொண்டுபோனாலும் முதலில் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பார். அங்கே ஒன்றும் இருக்காது, ஆனாலும் பார்ப்பார். பிறகு முன்பக்கத்தைப் படித்து ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போடுவார். பேனா எடுக்க மாட்டார். அவருக்குக் கீழே ஒருவரும் மேலே ஒருவரும் மையில் எழுதிய பிறகுதான் நடுவில் இவருடைய மை விழும். "நோக்காம்" என்பார். பார்ப்போம் என்று அர்த்தம். பார்ப்பதற்குள் வேறு யாராவது முடிவெடுத்திருப்பார்கள். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் கேட்காமலே லீவு தந்தவர். அவருக்கு ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசி நேரத்தில் ஒரு விசாரணை வந்து ஒட்டிக்கொண்டால், சேர்த்துவைத்ததெல்லாம் நின்றுபோகும் என்ற எண்ணம் அவரை விட்டு நகரவே இல்லை.

அந்த நாட்களில்தான் செல்லையன் வந்தார்.

பொன்முடிக்குப் போகும் வழியில் கல்லாற்றில் ஆற்றோரமாக ஒரு பெட்டிக்கடை வைத்திருந்தார். ஆம்லெட், எலுமிச்சை சோடா, சுற்றுலா வருகிறவர்களுக்குப் பொரி கடலை. தோட்டத்து லயத்தில் பிறந்து பட்டாளத்துக்குப் போனவர். மெலிந்த உடம்பு, மழித்த முகம், தேய்த்த சட்டை. என் மேஜைக்கு முன்னால் வந்து குதிகால் இரண்டையும் சேர்த்து நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"மேடம், போன் வந்துச்சு. கூட்டித் தர்றதா சொன்னாங்க. எனக்கு கூட்டித் தர வேண்டாம்."

பதினேழு விதமான விண்ணப்பங்களைப் பார்த்தவள் நான். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. "என்னது?" என்றேன்.

"இப்ப கிட்டுறது போதும். என் பேரை அதுல இருந்து வெட்டிருங்க."

"அப்படி வெட்ட முடியாது அண்ணாச்சி. உங்களுக்கு உள்ளதுதானே. டிஸ்சார்ஜ் புக்கைக் கொண்டு வாங்க, நான் பார்த்து அனுப்புகேன்."

டிஸ்சார்ஜ் புக் என்பது பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுக்கும் சான்று. பதவி, சேவைக்காலம் எல்லாம் அதில் இருக்கும். அந்த வார்த்தையைக் கேட்டதும் அவர் முகத்தில் இருந்த கொஞ்ச ரத்தமும் வடிந்தது. "அது மழையில நனஞ்சு போச்சு மேடம்" என்றார். சல்யூட் அடிக்கவா வேண்டாமா என்று கை தடுமாற, அப்படியே திரும்பிப் போய்விட்டார். அவரோடு யாரோ ஒரு அம்மாள் வெளியே பெஞ்சில் இருந்து எழுந்து போவதைப் பார்த்தேன்.

அவருடைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். முதல் தடவை சமன் செய்தபோது நாயக் பதவிக்கு உரிய அட்டவணையில் போட்டிருந்தார்கள். சிப்பாய்க்கு மேலே உள்ள பதவி நாயக். அடுத்த தடவை சான்று கேட்டிருந்தார்கள், அவர் கொண்டுவரவில்லை, அதனால் உயர்த்தப்படவில்லை. எனக்குக் கொஞ்சம் விளங்க ஆரம்பித்தது. அந்த முதல் தடவை நடந்தது எனக்கு நினைவிருந்தது. பழைய ஓய்வூதியக்காரர்கள் பலருடைய பதவியும் சேவைக்காலமும் வங்கியிடம் இல்லாமலிருந்தது. எல்லோரையும் ஒரே வாரத்தில் வரச் சொல்லி, வராந்தாவில் மேஜைகள் போட்டு, வேறு கிளைகளிலிருந்து வந்த அதிகாரிகளும் சேர்ந்து வாயால் கேட்டுக் கேட்டு எழுதினார்கள். நான் அப்போது உள்ளே ரொக்கத்தில் இருந்தேன். தள்ளுமுள்ளில் யாரும் சான்றைக் கேட்டுப் பார்க்கவில்லை.

ஒரு வாரம் கழித்து அவரே திரும்பி வந்தார். இந்தத் தடவை அந்த அம்மாளும் கூடவே வந்து, என் முன்னால் உள்ள நாற்காலியில் யாரும் சொல்லாமலே உட்கார்ந்தாள். அவருடைய மனைவி ஞானம்மாள். பொன்முடித் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்ந்தவள். விரல் நுனிகள் கறுத்திருந்தன.

"இவரு சொல்ல மாட்டாரு, நான் சொல்லுதேன் மேடம்" என்றாள். "ரோட்டுல ஜீப்பு சத்தம் கேட்டா கடைக்குப் பொறத்தால போய் நிக்காரு. பிடிக்க வந்துட்டாங்கன்னு. கடைல நாயக் ஸ்டோர்ஸ்னு போர்டு வச்சிருந்தோம். அதுல நாயக்கை பிளேடு வச்சு சொரண்டி எடுத்துட்டாரு. இப்போ வெறும் ஸ்டோர்ஸ். டாக்டர் நெஞ்சுல நீர் கட்டிருக்குன்னு சொல்லியாச்சு. மருந்து எறங்கணும்னா மனசுல பேடி கூடாதாம். எங்க போய் வாங்க அதை?"

பேடி என்றால் பயம். எங்கள் பக்கத் தமிழில் அந்த மலையாள வார்த்தை இல்லாமல் பயப்படவே முடியாது.

செல்லையன் நின்றபடியே சொன்னார். அவர் உண்மையில் சிப்பாய். நன்னடத்தைக்காக வெளியே வரும்போது கௌரவ நாயக் என்ற பட்டம் கொடுத்தார்கள். பட்டம் மரியாதைக்கு, ஓய்வூதியக் கணக்குக்கு அல்ல. அது அவருக்குத் தெரியாது. வராந்தாவில் அதிகாரி "ரேங்க்?" என்று கேட்டபோது "நாயக்" என்றார். பட்டாளத்தில் ஒருவனுக்குக் கொடுத்த பதவியைக் குறைத்துச் சொல்வது, அதைக் கொடுத்தவரை அவமதிப்பதாகும். செல்லையனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நாயக் என்றுதான் சொல்வார். எந்த வங்கிக்காரனுக்கும் இந்த வழக்கம் தெரியாது. பின்னால் கேன்டீன் வரிசையில் யாரோ விளக்கிச் சொன்னபோதுதான், தாம் சிப்பாய்க்கு உரியதைவிட அதிகம் வாங்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. அதே வரிசையில் சுகுமாரன் கதையும் கிடைத்தது.

"எனக்கு ஜெயில் ஆனாலும் சரி மேடம். நான் போயாச்சுன்னா இவகிட்ட கேப்பாங்க. இவ கொழுந்து பறிச்சவ. இவ என்ன செய்வா?"

அவருக்குப் பயம் அவரைப் பற்றி இல்லை. அவர் இறந்த பிறகு ஞானம்மாளுக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் அந்தத் தவறான பதவியின் மேலேயே கணக்காகும். பிறகு என்றாவது ஒருநாள் பிழை பிடிபட்டால் பிடித்தம் அவள் தலையில் விழும். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது என்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. பேடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட என்னால் முடியவில்லை.

அன்று மாலை வீட்டுக்குப் போகாமல் அட்டவணைகளை எடுத்து வைத்து ஒப்பிட்டேன். நான் கண்டது எனக்கே நம்ப முடியாததாக இருந்தது. அவர் பயந்து ஒளிந்திருந்த காலத்தில் சமன் செய்யும் ஆணை மறுபடியும் வந்து, சிப்பாய்களின் ஓய்வூதியத்தை எங்கோ உயர்த்திவிட்டிருந்தது. அவர் பழைய நாயக் கணக்கிலேயே உறைந்து கிடந்தார். திருட்டுத்தனமாக வாங்குகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்த அந்த மனிதர், ஒரு சாதாரண சிப்பாய்க்கு உரியதைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டிருந்தார். முன்னால் கூடுதலாகப் போனதை இப்போது வராமல் போனதில் கழித்தாலும், அரசாங்கம்தான் அவருக்குத் தர வேண்டும். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. ஏனென்றால் இதை மேலே அனுப்ப முரளிதரன் சாரின் கையெழுத்து வேண்டும்.

சார் காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். முன்பக்கம் படித்தார். பென்சிலை எடுத்தார், கீழே வைத்தார். பிறகு மிக மெதுவாக மலையாளத்தில் கேட்டார், சான்று பார்க்காமல் நாயக் என்று எழுதியது யார் என்று தலைமையகம் கேட்குமே என்று. "அவரை வரச் சொல்லுங்க. தவறான பதவியைச் சொன்னது நான்தான்னு ஒரு ஸ்டேட்மென்ட் எழுதித் தரட்டும். பிறகு அனுப்பலாம். நமக்கு சேஃப்" என்றார்.

சாருக்கு சேஃப். செல்லையனுக்கு அது தூக்குக் கயிறு. தவறான தகவல் தந்தேன் என்று அவரே எழுதிக் கொடுத்துவிட்டால், வங்கியின் பிழை என்பது போய் அவர் செய்த மோசடி என்று ஆகிவிடும். நீதிமன்றம் காப்பாற்றுவது பொய் சொல்லாதவனை. விசாரணை முடியும்வரை பிடித்தம், அவர் இருந்தால் அவரிடம், போய்விட்டால் ஞானம்மாளிடம். இதைச் சாரிடம் சொன்னேன். "நோக்காம்" என்றார்.

செல்லையனும் ஞானம்மாளும் வந்த அன்று காலையிலிருந்தே எனக்குப் பயம். எனக்கும் ஓய்வுக்குச் சில வருடங்கள்தான் இருந்தன. சாரின் அறையில் செல்லையன் கதவை ஒட்டி நேராக நின்றார். சார் தட்டச்சு செய்து வைத்திருந்த தாளை மேஜையில் நகர்த்தி, "இவிடே ஒரு ஒப்பு" என்றார். ஒப்பு என்றால் கையெழுத்து. ஆங்கிலத்தில் இருந்த அந்தத் தாளைச் செல்லையன் படிக்கக்கூட இல்லை. அதிகாரி சொன்னார், கை நீண்டது. அவர்களை அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள்.

"சார், அதுல ஒப்பு வாங்க வேண்டாம்" என்றேன். சார் என்னைப் பார்க்கவில்லை. செல்லையனிடம், "அண்ணாச்சி, படிச்சுப் பாக்காம போடாதீங்க" என்றேன். "ஆபீசர் சொல்லுதாரே மேடம்" என்று அவர் குனிந்து பேனாவை எடுத்துவிட்டார்.

வெளியே இருக்கச் சொல்லியிருந்த ஞானம்மாள் எப்போது உள்ளே வந்தாள் என்று தெரியவில்லை. அவருடைய கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி மேஜையில் வைத்தாள்.

"என்ன எழுதிருக்குன்னு வாசிச்சுச் சொல்லட்டும். எங்க தோட்டத்துல கங்காணி தராசைத் தட்டி எழுதுன கணக்குக்கு நான் ஒருநாளும் கைநாட்டு வச்சதில்ல. சாயங்காலம் வரைக்கும் நிப்பேன், திரும்ப நிறுத்துத்தான் போவேன்."

"ஞானம், நீ வெளிய போ" என்றார் செல்லையன்.

"எதுக்குப் போணும்? நாளைக்கு இந்தக் கடலாசைக் காட்டி என்கிட்டல்லா கேப்பாங்க?" என்று மேஜைமேல் கிடந்த காகிதத்தைத் தட்டினாள்.

செல்லையன் முதல் தடவையாகக் குரல் உயர்த்தினார். "நான் ஒப்பு போடலன்னா சாரு மாட்டிக்குவாரு பிள்ளே. அன்னைக்கு வராந்தால என்கிட்ட ரேங்க் கேட்டது சாருதான். அப்போ சாருக்கு மீசை உண்டு. எனக்கு ஒரு கிளாஸ் தண்ணி தரச் சொன்னாரு. அவரை எதுக்கு நாம இழுத்து விடணும்?"

நான் சாரின் முகத்தைப் பார்க்கப் பயந்து மேஜையைப் பார்த்தேன். அந்த வாரத்தில் வராந்தாவில் உட்கார்ந்திருந்தது சார் என்பது எனக்குத் தெரியாது. செல்லையனுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். கோப்பைத் திறக்க வேண்டாம் என்று அவர் பயந்ததில் மனைவியோடு இந்த அதிகாரியும் சேர்த்தி. பட்டாளத்தில் தன் அதிகாரியைக் காட்டிக்கொடுக்க மாட்டார்கள் என்பார்கள். வெறுமே ஒரு கிளாஸ் தண்ணீர் தரச் சொன்ன வங்கி அதிகாரிக்கும் அந்த விசுவாசத்தைக் கொடுத்திருக்கிறார் இந்த மனிதர். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது.

சார் அந்தத் தாளை எடுத்தார். பழக்கதோஷமாகப் பின்பக்கம் திருப்பினார். பிறகு இரண்டாகக் கிழித்தார்.

"ஞான் சோதிச்சதாணு" என்றார். நான்தான் கேட்டேன் என்று. "ஞான் எழுதாம்." நானே எழுதுகிறேன் என்று.

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அவரே எழுதினார். சான்று பார்க்காமல், ஓய்வூதியக்காரர் சொன்ன கௌரவப் பதவியைக் கணக்குக்கு உரிய பதவி என்று எடுத்துக்கொண்டது வங்கியின் பிழை, அவர் பொய் ஏதும் சொல்லவில்லை, இப்போது சிப்பாய் பதவியில் சமன் செய்ய வேண்டும். கீழே பெயர், கையெழுத்து. எழுதி முடிக்கும்போது அவர் நெற்றி வியர்த்திருந்தது. செல்லையன் மட்டும் கடைசிவரை நேராகவே நின்றார்.

பதில் வரும்வரை நாங்கள் மூன்று பேரும் மூன்று விதமாகப் பயந்தோம். சாருக்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ வந்தது. மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரத்தை அவர் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோவதைப் பார்த்தேன். எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். செல்லையனுடைய கணக்கைச் சரியாக்கி, கழிக்க வேண்டியதைக் கழித்து, மிச்சத்தைத் தந்து, மாத ஓய்வூதியத்தை உயர்த்தினார்கள். ஒருவரும் அவரைப் பிடிக்க வரவில்லை. என் வேலையில் நடந்த நல்ல காரியம் ஒன்று சொல்லுங்கள் என்று யாராவது கேட்டிருந்தால் அப்போது இதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஆனால் செல்லையன் மாதா மாதம் வந்து பழைய தொகையை மட்டும் எடுத்தார். "மிச்சம் கெடக்கட்டும் மேடம். அவங்க கேக்கும்போ அப்படியே எடுத்துக் குடுத்துரலாம்." உங்களுடையதுதான் அண்ணாச்சி என்று நான் எத்தனையோ முறை சொன்னேன். மருந்தை மாற்றச் சொல்லி டாக்டர் எழுதியிருந்ததையும், விலை அதிகம் என்று இவர் பழைய மாத்திரையையே வாங்கிக்கொண்டிருந்ததையும் ஞானம்மாள் பின்னால்தான் சொன்னாள். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அவர் போய்விட்டார். அவர் தொடாத பணம் முழுவதும் கணக்கில் இருந்தது.

குடும்ப ஓய்வூதியத்துக்காக ஞானம்மாள் தனியாக வந்தாள். கல்லாற்றிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். ஒவ்வொரு காகிதத்தையும் என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கைநாட்டு வைத்தாள். எல்லாம் முடிந்த பிறகு, "அவரு எடுக்காம போட்டு வச்சது எல்லாம் இப்போ எனக்குள்ளதுதானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்போ மொத்தத்தையும் எடுத்துத் தாங்க. கடைக்குக் கூரை மாத்தணும். பேடிச்சுப் பேடிச்சு அவரு போயாச்சு. எனக்கு வேலை கெடக்கு."

நானே கூடப் போய் பணத்தை வாங்கிக் கொடுத்தேன். துணிப்பையில் வைத்து முடிச்சுப் போட்டாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, என் மேஜைமேல் குனிந்து, பக்கத்தில் உள்ளவர்களுக்குக் கேட்காமல் கேட்டாள்.

"இதைக் கேட்டு யாரும் வர மாட்டாங்களே மேடம்?"

"வர மாட்டாங்க அக்கா. எல்லாம் சரி பண்ணியாச்சு."

"அப்போ அதை ஒரு கடலாசுல எழுதித் தாங்க."

ஆணைகளெல்லாம் எனக்கு மனப்பாடம். அவளுடைய கணக்கை நானே பலமுறை சரிபார்த்திருக்கிறேன். இருந்தும் மேஜையில் கிடந்த வெள்ளைத் தாளை எடுக்க என் கை போகவில்லை. நாளைக்கு வேறொரு தணிக்கை வரலாம், வேறொரு கணினி வரலாம். அதில் என் கையெழுத்து இருந்தால் என் ஓய்வூதியம் என்ன ஆகும் என்று அந்த ஒரு நிமிடத்தில் எண்ணிப் பார்த்துவிட்டேன். "அப்படி எழுதித் தர எனக்கு அதிகாரம் இல்ல அக்கா" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. கறுத்த விரல்களால் பையின் முடிச்சை இன்னொரு முறை இறுக்கினாள்.

"அப்போ உங்களுக்கும் பேடி உண்டு, அல்லே?"

"உண்டு அக்கா" என்றேன்.